கரும்பலகையும் கண்பார்வையும்

வெளி மாநிலத்திற்கு உத்தியோக நிமித்தம் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், பிள்ளை வகுப்பில் பின்தங்கினால் உடனே கூறப்படும் காரணம் ஒன்றுண்டு: “பாஷை புதிது, இன்னும் பிடிபடவில்லை.” பல சமயங்களில் அது உண்மையே. ஆனால் பிடிபடாதது பாஷையா, கரும்பலகையில் எழுதியிருப்பதா என்று நாம் விசாரிப்பதில்லை. எம் இல்லத்திலும் ஓராண்டுக் காலம் தனி வாத்தியார் வைத்தோம். பிள்ளைக்கு வேண்டியிருந்ததோ மூக்குக் கண்ணாடி. நெடுநாள் மங்கலாகவே கண்ட குழந்தை, உலகமே அப்படித்தான் என்று எண்ணியிருக்கும். அது தானாக வந்து முறையிடாது. பெரியவர்களே சோதித்து அறிதல் வேண்டும்.

இதனைப் பெருமளவில் செய்து காட்டியவர் ஹெர்மன் கோன் என்னும் கண் வைத்தியர். அவருடைய ஊர் பிரெஸ்லௌ. அன்று பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த அந்நகரம் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அந்நகரப் பள்ளிகளிலும் கிராமப் பள்ளிகளிலுமாக 10,060 மாணாக்கரின் கண்களை அவர் சோதித்து, 1867-இல் முடிவுகளை வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை சொற்பம். நகரத்து உயர்தரப் பள்ளிகளிலோ மிகுதி. வகுப்பு ஏற ஏறக் குறையும் ஏறிற்று. வகுப்பறைக்குப் போதிய வெளிச்சமும், பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற மேசையும் வேண்டுமென்று அவர் வாதாடினார்.

பார்வையை அளப்பதற்குரிய எழுத்துப் பலகையை, அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1862-இல், ஹாலந்து தேசத்து உட்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்திருந்தார். மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சிறிய எழுத்து. எட்டி நின்று படிக்கும் தூரம் 6 மீட்டர், அதாவது சுமார் 20 அடி. ஆயினும் எழுத்தறியாதவர் அதனை எவ்வாறு படிப்பர்? 1888-இல் எட்மண்ட் லாண்டோல்ட் என்பார் ஒருபுறம் பிளவுபட்ட வளையத்தை அமைத்தார். பிளவு மேலா, கீழா, இடமா, வலமா என்று விரலால் காட்டினால் போதும். தமிழோ, இந்தியோ, வங்காளமோ அங்கே தேவையில்லை. ஆகவே, பள்ளியின் பாஷை தெரியாத குழந்தைக்கும் கண் சோதனை செய்யத் தடையில்லை.

நம் நாட்டில் 1976-இல் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கப்பெற்றது. பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதிப்பதும், ஏழைப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி அளிப்பதும் பின்னர் அதன் பணிகளாயின.

பெற்றோர் மறவாதிருக்க வேண்டியவை சில. இரு கண்களையும் தனித்தனியே மூடிச் சோதித்தல் வேண்டும். இன்றேல், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். மங்கிய கண்ணைக் கவனியாது விட்டால் மூளை அதனைப் பயன்படுத்தக் கற்பதில்லை. சிறு வயதிலேயே கண்டால் குணப்படுத்துவது எளிது. நாள்தோறும் திறந்த வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றுவது குறைகிறதென்று அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், வாத்தியாரைத் தேடுமுன், கண் வைத்தியரிடம் ஒருமுறை அழைத்துச் செல்வோமாக.