ஒரு பெயரின் உரிமை

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. ஊதிய உயர்வும் கேட்டார்கள்; ஆனால் மோதலின் மையத்தில் நின்றது, சி.ஐ.டி.யு. ஆதரவுடன் அவர்கள் அமைத்த சங்கத்தின் பதிவு. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருப்பதை நிர்வாகம் எதிர்த்தது. அது வணிகச் சின்னமாம், பிறர் சூட்டிக்கொள்ளலாகாதாம்.

நாளிதழில் இதைப் படித்தபோது முதலில் வேடிக்கையாகவே பட்டது. யோசிக்க யோசிக்க, பின்னாலுள்ள வரலாறு நீண்டுகொண்டே போயிற்று.

1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். 1920இல் கதவடைப்பு வந்தபோது பின்னி நிறுவனம் உயர்நீதிமன்றம் சென்றது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்பது வழக்கு. தடையாணை கிடைத்தது, வாடியா தொழிற்சங்கப் பணியை விட்டே விலக நேர்ந்தது. இத்தகைய வழக்குகளிலிருந்து பதிவுபெற்ற சங்கங்களுக்குக் காப்பளித்தது 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். பதிவு என்ற சொல்லுக்கு அத்தனை கனம் வந்தது அப்படித்தான்.

வணிகச் சின்னத்தின் கதை வேறு. 1995இல் உலக வணிக அமைப்போடு வந்த டிரிப்ஸ் உடன்படிக்கை அதைப் பன்னாட்டு வணிகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இந்தியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இசைய எழுதப்பட்டது. தொழிலாளர் உரிமைக்கு அந்த வாசல் திறக்கவில்லை. 1996 சிங்கப்பூர் மாநாடு அதைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பிடம் விட்டுவிட்டது. இந்தியாவும் அதையே விரும்பியது. பணக்கார நாடுகள் தொழிலாளர் நலனைச் சொல்லி நம் சரக்கைத் தடுக்கும் என்ற அச்சம் அது. பொய்யான அச்சமன்று. 1881ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்துக்காகக் குரல்கொடுத்தவர்களுள், பம்பாய் ஆலைகளின் போட்டியை வெறுத்த லங்காஷயர் முதலாளிகளும் உண்டு. ஆனால் சங்கம் சேரும் உரிமைக்கான 87, 98ஆம் உடன்படிக்கைகளை, அரசு ஊழியர் விதிகளைக் காரணம் காட்டி இந்தியா இன்றுவரை ஏற்காதிருப்பதற்கு லங்காஷயரைக் குறைசொல்ல முடியாது. சாம்சங்கின் தாயகமான தென்கொரியா 2021இல் இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

2024 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ஆறு வாரத்துக்குள் முடிவெடுக்கப் பதிவாளரைப் பணித்தது. 2025 ஜனவரி இறுதியில் சங்கம் பதிவானது, 'சாம்சங்' என்ற பெயருடனேயே. பிப்ரவரியில் சங்க நிர்வாகிகள் சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தொழிலாளர்கள் ஆலைக்குள் உள்ளிருப்புப் போராட்டத்தில் அமர்ந்தார்கள்.