பச்சிளங் குழந்தையும் மயக்க மருந்தும்

குழந்தைக்கு வலிக்கும் என்று நிறுவ ஓர் ஆராய்ச்சியும் வேண்டுமா என்று நாம் கேட்கலாம். வேண்டியிருந்தது என்கிறது மருத்துவ வரலாறு. 1941இல் அமெரிக்க உளவியலாளர் மிர்ட்டில் மெக்ரா, குழந்தைகளை ஊசியால் குத்தி அவர்களின் எதிர்வினைகளைப் பதிவுசெய்து வெளியிட்டார். பிறந்த குழந்தையின் மூளை முதிரவில்லை, அதன் அசைவுகள் வெறும் அனிச்சைச் செயல்களே என்ற எண்ணம் இத்தகைய ஆய்வுகளால் வேரூன்றியது.

அச்சமும் ஒரு காரணம். அன்றைய மயக்க மருந்துகள் சின்னஞ்சிறு இதயத்தை எளிதில் ஓயச்செய்துவிடும். எனவே 1950இல் லிவர்பூலின் ஜாக்சன் ரீஸ் விவரித்த முறை பரவலாயிற்று: கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு, தசைகளை அசையாமற் செய்யும் கியூராரே. பழந்தமிழில் 'வலி' என்றால் வலிமை. வள்ளுவரின் வலியறிதல் அதிகாரம் நாம் அறிந்ததே. குழந்தைக்கு வலியும் இல்லை, மருந்தைத் தாங்கும் வலியும் இல்லை என்று இரு பொருளிலும் நம்பினர் அம்மருத்துவர்கள். அசையாத குழந்தை அழவும் இயலாது என்பதை ஏனோ எவரும் பொருட்படுத்தவில்லை.

1980களின் நடுவில் அமெரிக்கத் தாய் ஒருவர், குறைமாதத்தில் பிறந்த தம் மகனுக்குத் தசைகளை முடக்கும் மருந்து மட்டுமே கொடுத்து இதய அறுவை செய்யப்பட்டதை, அவன் இறந்தபின் அறிந்து ஊரறியச் சொன்னார். அக்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த இந்திய மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்த் வேறொரு சாட்சியைத் தேடினார்: குருதி. 1987இல் லான்செட் இதழில் வந்த அவர் குழுவின் ஆய்வில் குறைமாதக் குழந்தைகள் பதினாறு பேர். வழக்கமான முறையோடு பாதிப் பேருக்கு ஃபென்டனில் என்ற வலிநீக்கியும் தரப்பட்டது. அது கிடைக்காதவர்களின் குருதியில் அழுத்த ஹார்மோன்கள் பெருகின. அறுவைக்குப் பின் சிக்கல்களும் அவர்களுக்கே மிகுதி. அன்றைய வழக்கமே அதுதான் என்றாலும், அந்த எட்டுக் குழந்தைகளை நினையாமல் அக்கட்டுரையை நம்மால் படிக்க முடிவதில்லை.

வழக்கம் மாறியது. பதினாறு ஆண்டுகளுக்குள் அச்சம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. பிறந்து ஏழு நாளான எலிக்குட்டிகளுக்கு மூன்று மயக்க மருந்துகளை ஆறு மணி நேரம் தந்தபோது மூளையணுக்கள் பெருமளவில் மடிந்தன. அவை வளர்ந்தபின் கற்றலிலும் பின்தங்கின. அவ்வாய்வு வெளியான ஆண்டு 2003. எலியைக் கொண்டு மனிதரை அளக்கலாமா? அளக்காமல் விட்டுவிடவும் முடியவில்லை.

மாற்று வழியோ முன்பே இருந்தது. லண்டனின் டிரெல் கிரே, 1909இலேயே குழந்தைகளுக்கு முதுகுத்தண்டில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவைக்கு உதவியவர். இடையில் மறந்துபோன அம்முறை, 1980களில் அமெரிக்காவின் வெர்மான்டில் மீண்டும் உயிர்பெற்றது. அதைச் சோதிக்கக் குடலிறக்க அறுவை பொருத்தமாக அமைந்தது; பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும், இரு முறையிலும் செய்யலாம். மெல்போர்னின் ஆண்ட்ரூ டேவிட்சன் முதலானோர் 7 நாடுகளில் 28 மருத்துவமனைகளில் 722 குழந்தைகளைச் சேர்த்தனர். ஒரு பாதிக்குச் செவோஃபுளுரேன் மயக்கம், மறுபாதி விழித்தபடியே. விழித்திருந்தோரில் சிலருக்கு ஊசி பலிக்காமல் முழுமயக்கம் தரவும் நேர்ந்தது. 2019இல் ஐந்து வயதுச் சோதனையின் முடிவு வெளிவந்தது. சராசரி நுண்ணறிவு எண் ஒரு குழுவுக்கு 99.08, மற்றதற்கு 98.97. ஆய்வின்பொருட்டு ஐந்தாண்டு காத்திருந்த பெற்றோருக்கு இந்த 'வேறுபாடின்மை' எத்துணைப் பெரிய செய்தி!

ஆனால் அது ஒரே ஒரு தடவை, ஒரு மணி நேர அளவிலான மயக்கத்துக்கே பொருந்தும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ, பலமுறையோ மயக்கம் தருவதுபற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் எச்சரித்திருந்தது. நீண்ட அறுவைகளுக்கு முதுகூசி போதாது. ஆகவே டெக்ஸ்மெடிடோமிடின், ரெமிஃபென்டனில் ஆகியவற்றைச் சேர்த்துச் செவோஃபுளுரேனின் அளவைக் குறைக்கும் முறையை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் சோதித்தனர். 2025இல் வெளியான அதன் முடிவிலும், சுமார் மூன்று வயதில் இரு குழுவினரின் நுண்ணறிவிடையே வேறுபாடு தென்படவில்லை.