கண்ணாடிக்கு எந்தப் பக்கம் வேர்க்கிறது?

போன ஐப்பசி அடைமழையில், மரக்காணத்தில் ஒரு கல்யாண வரவேற்பை முடித்துக்கொண்டு பிள்ளைச்சாவடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரில் அஞ்சு பேர், எல்லாரும் பாதி நனைந்தவர்கள். அம்மாவுக்குக் குளிர் ஆகாது என்று ஏசியை அணைத்திருந்தேன். சாரல் அடிக்குமென்று நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, வெளிக்காற்று வராமல் உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானையும் அழுத்தியிருந்தேன்.

காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தைத் தாண்டும்போது முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி படிந்துவிட்டது. துண்டால் துடைத்தேன். துடைத்த கோடுகளில் எதிரே வந்த லாரியின் வெளிச்சம் சிதறிக் கண்ணைக் கூசவைத்தது. லாரி போன பிறகுதான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் ரோட்டைக் கடப்பது தெரிந்தது. கார் நின்றபோது அவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கை தூரம். அவர் திட்டக்கூட இல்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

பின்சீட்டிலிருந்து அப்பா, "கண்ணாடிய ரெண்டு விரல் இறக்குடா" என்றார். 20 வருஷம் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தெளிந்தது. பி.இ. படித்த எனக்கு இது தோன்றவில்லையே என்ற வெட்கத்தில் தோண்ட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

நாம் "பனி பெய்யுது", "பனி விழுது" என்கிறோம். ஐரோப்பாவிலும் ரொம்ப காலம் பனித்துளி வானத்திலிருந்து விழுவதாகத்தான் பலர் நம்பினார்கள். 1751-இல் பிரான்ஸின் மோன்பெலியே நகரத்து மருத்துவர் ஷார்ல் லெ ருவா ஒரு எளிய சோதனையை விவரித்தார். ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் கிளாஸின் வெளிப்பக்கம் வேர்க்கும். அன்றைய காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதற்கு அந்த வெப்பநிலைதான் அளவு. தண்ணீரில் உப்பு கரைவது போலக் காற்றில் தண்ணீர் கரைந்திருக்கிறது, குளிர்ந்தால் தாங்க முடியாமல் வெளியே தள்ளுகிறது என்பது அவர் விளக்கம். உவமை சரியில்லை என்று பின்னால் தெரிந்தது, ஆனால் அளக்கும் முறை நின்றுவிட்டது. நம் பாடப்புத்தகத்தில் அதுதான் 'பனிநிலை'. முதலில் பொருள் குளிர்கிறது, பிறகுதான் அதன்மேல் பனி படிகிறது என்பதை லண்டன் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் 1814-இல் பனியைப் பற்றி எழுதிய நூலில் தெளிவாக நிறுவினார். (மண்பானையை இதில் சேர்க்காதீர்கள். அதன் வெளி ஈரம் உள்ளிருந்து கசிவது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர்தான் சரியான உதாரணம்.)

இப்போது என் காருக்கு வருகிறேன். மழை நனைத்த கண்ணாடி 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய ஈரம் சுமார் 22 கிராம். காரின் உள்ளே தோராயமாக 3 கன மீட்டர் காற்று, ஆக மொத்தம் 65 கிராம். மழைநாள் காற்று ஏற்கெனவே இதில் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டுதான் உள்ளே வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் மூச்சிலும் தோலிலும் மணிக்கு 40 கிராம் அளவுக்கு ஈரம் விடுகிறார். அஞ்சு பேருக்கு 200 கிராம். ஈரப்புடவை, கால் மிதியில் தேங்கிய தண்ணீர் எல்லாம் தனிக்கணக்கு. உள்சுற்றில் வைத்தால் சில நிமிஷம்கூடத் தாங்காது. அப்பாவின் ரெண்டு விரல் இடைவெளி செய்தது, வெளியே விட ஒரு வழி கொடுத்தது, அவ்வளவுதான். பழைய அம்பாசடரில் முன்கதவில் தனியாகத் திரும்பும் முக்கோணக் கண்ணாடி இருக்குமே, அதுவும் இதே வேலையைத்தான் செய்தது. அது போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

புதுச்சேரிக்காரன் என்பதால் இங்கே ஒருவரைச் சொல்லாமல் போக முடியவில்லை. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீல் 1768-இல் இங்கே வந்து காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் சூரியனை மறைத்துவிட்டது. குளிர்ந்த காற்று தாங்க முடியாமல் தள்ளிய அதே ஈரம்தான் மேகமும். அவருக்குத் துடைக்கத் துண்டும் இல்லை, இறக்கக் கண்ணாடியும் இல்லை.

நாம் குளிருக்காகப் போடும் ஏசி பிறந்ததே ஈரத்தை விரட்டத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு வண்ண அச்சகத்தில், ஈரக்காற்றில் காகிதம் உப்பி, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் எஞ்சினியர் குளிர்ந்த குழாய்கள்மேல் காற்றை ஓட்டி ஈரத்தைப் பிழிந்தார். பிறகு பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், காற்றின் பனிநிலையைப் பிடித்துவிட்டால் ஈரமும் கைக்குள் வந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். காருக்குள் ஏசி வந்தது 1940-ஆம் வருட மாடல் பக்கார்டில். அதை நிறுத்த என்ஜினை அணைத்துவிட்டு பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

காருக்கு அடியில் ஏசி தண்ணீர் சொட்டுகிறதே, அது உள்ளிருந்து பிழிந்த ஈரம்தான். அந்த வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் காருக்குள்ளேயே இறங்கி, மறுபடி ஆவியாகிக் கண்ணாடிக்கு வரும். மிதியடி எப்போதும் ஈரமாக இருந்தால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. அவர்களுக்கு வெளியே எப்போதும் குளிர், ஆவி உள்ளேதான் படியும். நம் கடலோரத்தில் மே, ஜூன் விடியலில் பனிநிலையே 25 டிகிரியை ஒட்டி இருக்கும். ஏசியை 18-இல் வைத்துக் காற்றைக் கண்ணாடிமேல் அடித்தால் வெளிப்பக்கம் வேர்க்கும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. அதனால் முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் வெளியே என்றால் வைப்பரைப் போட்டு, ஏசியின் குளிரைக் குறைத்தால் போதும். உள்ளே என்றால் ஏசி ஓடட்டும், வெளிக்காற்று வரட்டும், காற்று முன்கண்ணாடிமேல் அடிக்கட்டும்.

சோப்பு, ஷாம்பு பூசுவது பொய் இல்லை. துளித்துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவுவதால் பார்வை தெரியும். ஆனால் சில நாளில் போய்விடும், இரவில் கோடு கோடாகக் கூசும். பட்டவன் சொல்கிறேன், கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருப்பதே மேல்.

அம்மாவின் குளிர்ப் பிரச்சினைக்கும் வழி கிடைத்தது. ஏசியை அணைக்காமல் வெப்பத் திருகை மட்டும் சிவப்புப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால், ஈரம் பிழிந்த காற்று என்ஜின் சூட்டில் வெதுவெதுப்பாகி வரும். கார்த்திகையில் ஒரு மழை ராத்திரி அதே ரோட்டில் அப்படித்தான் வந்தோம். அம்மா சால்வையைக்கூட எடுக்கவில்லை. அப்பா மட்டும் தன் பக்கத்துக் கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கியே வைத்திருந்தார்.