தரங்கம்பாடியும் குடிக்கூலியும்

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிற்று என்பது நம் நாட்டுப் பழமொழி. ஓரிடத்திற் குடிக்கூலிக்கு வந்து தங்குவோர் எங்ஙனம் ஒழுகுதல் வேண்டும் என்பதை ஒரூரின் வரலாறு கொண்டே அறியலாகும். அவ்வூர், மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியாம்.

சென்ற கோடை விடுமுறையில் யாமும் எம் தமையனார் குடும்பத்தாருமாக அவ்வூரில் ஒரு பழைய வீட்டை மூன்று நாட்களுக்கு வாடகை பேசித் தங்கியிருந்தோம். தடித்த சுவரும், தூண்கள் நிரைத்த தாழ்வாரமும், ஓயாத கடற்காற்றும் உடைய வீடு அது. முதல் நாள் மாலை கோட்டையைக் கண்டு மீளும்போது தமையனார் மகன், “சித்தப்பா, இவ்வூரை உண்டாக்கியவர் டேனியர்தாமே?” என வினவினான். யாம் அப்பொழுது விடை கூறிற்றிலம். மறுநாள் வைகறையிற் பிள்ளைகளை மாசிலாமணிநாதர் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றோம்.

அக்கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், கி. பி. 1306ஆம் ஆண்டளவில் எழுந்தது. அதன் பெரும்பகுதியைக் கடல் கவர்ந்துகொண்டது. அலை மோதும் அவ்விடத்தே நிறுத்தி, “டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே ஈண்டு வழிபாடும் வாழ்வும் இருந்தன. அவர் இவ்வூரை உண்டாக்கியவர் அல்லர், குடிக்கூலிக்கு வந்தவர்” என்றோம். பிள்ளைகள் வியந்தனர்.

அது வெற்றுரையன்று. டென்மார்க்கு நாட்டுக் கப்பற்படைத் தலைவராகிய ஓவ கியெத்தே என்பார் 1618ஆம் ஆண்டிற் புறப்பட்டு, முதலில் இலங்கையில் இடம்பெற முயன்று, அது கைகூடாமையால் இக்கரைக்கு வந்தார். அவருக்கு முன் அனுப்பப்பட்ட கப்பல் போர்த்துகீசியரால் அழிவுற, அதனின்று தப்பிய ரோலண்டு கிராப்பே என்பார் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையை முன்னரே அடைந்திருந்தார். 1620ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் உடன்படிக்கை நிறைவேறிற்று. ஆண்டொன்றுக்கு 3,111 ரூபாய் வாடகைக்கு நிலம் விடப்பட்டது. டேனிசுபோர்க்குக் கோட்டை எழுந்தது. நாயக்கர் டென்மார்க்கு மன்னருக்குப் பொன்னேட்டில் தமிழில் விடுத்த திருமுகம் இன்றும் கோபன்ஹேகன் நகரத்துக் காப்பகத்தில் உளது.

வாடகைக்கு வந்தவர் வாழ்வு எளிதாக இருந்ததில்லை. 1643ஆம் ஆண்டிற்குப் பின் 1669 வரை, ஏறக்குறைய இருபத்தாறு ஆண்டுகள், தாய்நாட்டினின்று ஒரு கப்பல்தானும் வந்திலது. அக்காலத்தில் கோட்டையைக் காத்து நின்ற டேனியர் ஒரு சிலரே.

அவ்வூரில் வந்து தங்கியோருள் மாணாக்கராக ஆனாரும் உண்டு. 1706ஆம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் ஒரு முதிய தமிழ்ப் பள்ளியாசிரியரைத் தம் மனைக்கே வரவழைத்து, அவர்தம் சிறு மாணாக்கரோடு ஒருங்கிருந்து மணலில் விரலால் எழுத்துப் பயின்றார். அங்ஙனம் கற்ற தமிழின் பயனாக, 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. ஆசிரியத் தொழில் புரியும் எமக்கு, கோட்டையின் பீரங்கிகளினும் அந்த மணற்பலகையே பெரிதாகத் தோன்றுகின்றது. வந்த இடத்தில் முதலிற் கற்றுக்கொள்ள அமர்ந்தவர் பெயரை அவ்வூர் இன்றும் மறவாதிருத்தல் காண்க.

இறுதியில் நிகழ்ந்தது யாது? 1845ஆம் ஆண்டில், வாடகைக்குப் பெற்ற இவ்வூரை, செராம்பூர் முதலியவற்றோடு சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பினியாருக்கு டேனியர் விற்றனர். குடியிருந்தவர் விற்றார், பிறிதொருவர் வாங்கினார், ஊராரை எவரும் கேட்டிலர். அவ்வாங்கினவரும் 1947இல் நீங்கினர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூர் மக்கள் பலரைக் கொண்டுசென்றது. எஞ்சிய மீனவர் மீண்டும் அக்கடலிலேயே வலை வீசினர். ஊர் யாருடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூன்றாம் நாள் புறப்படும் வேளையில் நிகழ்ந்ததொன்றை நாணத்தோடு எழுதுகின்றோம். வினவிய அப்பிள்ளையே, கோட்டைச் சுவரிற் பிறர் கீறியிருந்ததைக் கண்ட பழக்கத்தால், தாழ்வாரத்துச் சுவரில் ஓர் ஆணியால் தன் பெயரைக் கீறிவிட்டான். வீட்டைக் காத்து வந்த முதியவர் சினந்திலர். சிறிது சுண்ணாம்பு குழைத்து வந்து, “எத்தனையோ பேர் வந்து தங்கிப் போனார்கள், ஐயா; இந்தச் சுவரோடு இருப்பவன் நான்தான்” என்றார். யாம் கொடுக்க முன்வந்த பணத்தையும் பெற்றிலர். சுண்ணாம்புக் கிண்ணத்தைப் பையன் கையிற் கொடுத்துப் பூசி முடிக்குமளவும் நிற்கச் செய்தோம். முதல் நாள் அவன் கேட்ட வினாவுக்கு விடை அப்பொழுதே முற்றிற்று.

நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பத்தார் பலர் இப்பொழுது விடுமுறையிற் கடற்கரையூர்களில் வீடெடுத்துத் தங்குகின்றனர். அது நன்றே, ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் பழைய வீடு விரைவில் இடிந்துபோம். ஆயினும் அன்பர்களே, நாம் கொடுக்கும் பணம் கூரைக்கும் பாயலுக்குமே விலையாகும், ஊருக்கு விலையாகாது. சென்ற இடத்தில் அவ்வூரின் பழமையை முதலிற் கேட்டறிமின், பிள்ளைகட்கும் கூறுமின், சுவரைச் சுவராகவே விட்டு வம்மின். மூன்று நாள் தங்கினும், இருநூற்றிருபத்தைந்து ஆண்டு தங்கினும், குடிக்கூலிக்கு வந்தவர் குடிக்கூலிக்கு வந்தவரே.