வன்னியின் உடலுழைப்பும் நட்டஈட்டுச் சட்டமும்

வன்னிப் பெருநிலத்தின் வரலாறு பெரும்பாலும் குளங்களின் வரலாறாகவும் வன்னிமைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. குளக்கட்டில் மண் சுமந்தவன் கால் முறிந்து வீழ்ந்தபோது அவன் குடும்பம் எவ்வாறு பிழைத்தது என்னும் வினா அங்கு எழுவதில்லை.

1902இல் தொடங்கிய இரணைமடுக் கட்டுமானமும், 1905இல் நிறைவுற்ற வடபகுதிப் புகையிரதப் பாதையும் கூலியாட்களின் உழைப்பால் உருவானவை. அக்காலத்தில் காயமுற்றவன் நட்டஈடு பெறுவதாயின் எசமானின் தவற்றை நீதிமன்றில் நிரூபிக்கவேண்டும். நாட்கூலியாளுக்கு அது எட்டாக்கனியே. பிரித்தானியாவில் 1897இலும் இந்தியாவில் 1923இலும் தோன்றிய சட்டங்களின் வழியில், இலங்கையின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. தொழிலின் காரணமாகவும் தொழிலின்போதும் விபத்து நேரின், எசமானிடம் தவறில்லாவிடினும் அவர் பொறுப்பாளியாவார் என்பதே அதன் அடிப்படை.

எனினும் சட்டத்தின் பயனைப் பெறுவதற்கு வேலையும் சம்பளமும் பதிவாகியிருத்தல் பெருந்துணையாகும். ஆனையிறவு உப்பைக்கொண்டு எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தி செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போன்ற இடங்களிலேயே அத்தகைய பதிவு இருந்தது. போர்க்காலத்தில் அத்தொழிற்சாலையும் செயலிழந்தது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் இடம்பெயர்ந்து வன்னியில் குடியேறிய மலையகத் தமிழருட் பலர் கமக்காரரின் வயல்களிலே நாட்கூலிகளாயினர். உழவு இயந்திரமும் சூடடிக்கும் இயந்திரமும் அவர்களது உடலுறுப்புகளுக்கு ஆபத்தாயின. சம்பளப் பதிவோ கைக்கு வரவில்லை.

நாட்கூலிக்கு நட்டஈடு இல்லை என்னும் எண்ணம் இங்கு வேரூன்றியுள்ளது. அது தவறாகும். தற்காலிக வேலையாகவும், அதேவேளை எசமானின் தொழிலுக்குப் புறம்பான வேலையாகவும் அமையும்போதே சட்டம் ஒருவரை விலக்குகின்றது. இவ்விரண்டும் ஒருங்கே பொருந்தவேண்டும். நெல்லை விற்பனைக்காகப் பயிரிடுபவரின் வயலில் அறுவடை செய்பவனின் வேலை அவரது தொழிலுக்குப் புறம்பானதன்று. வாய்மொழி ஒப்பந்தமும் செல்லுபடியாகும்.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்சவரம்பை 5,50,000 ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியதோடு, வேலைக்குச் சென்றுவரும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளடக்கிற்று. உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வயலுக்குச் செல்லும் பெண்களுக்கு இது சிறப்பாகப் பொருந்துவதாகும். ஆயினும் நட்டஈட்டுச் சுமை அரச நிதியம் ஒன்றின்மேலன்றித் தனித்தனி எசமான்மேலேயே இன்றும் தங்கியுள்ளது. சிறு கமக்காரனிடம் கொடுக்கப் பணமில்லையெனில் ஏட்டிலுள்ள உரிமை ஏட்டிலேயே நின்றுவிடும். கூலியாளின் பெயரும் வேலைநாளும் சம்பளமும் கிராம மட்டத்திற் பதிவாதலும், பொது நிதியம் ஒன்று அமைதலுமே 1934இல் தொடங்கிய பணியை வன்னியில் நிறைவுசெய்யும்.