பள்ளிமுனைப் பெருக்கு

மன்னார் போகிறவர்கள் உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன மீனவக் கிராமமான பள்ளிமுனைக்கும் ஒரு நடை போய் வருவார்கள். அங்கே வேலி கட்டிக் காக்கப்படும் பெருக்கமரத்தின் உயரம் ஏறக்குறைய 7.5 மீற்றர்தான், அடிமரத்தின் சுற்றளவோ 19.5 மீற்றர். கிட்டப் போய்ப் பார்த்தால், சாம்பல் நிறப் பட்டை யானைத்தோல் மாதிரி மடிப்பு மடிப்பாகத் தொங்கும்.

இதன் தாய்மண் ஆபிரிக்கா. அராபிய வணிகர் கொண்டுவந்தார்கள் என்பது மன்னாரில் வழிவழியாகச் சொல்லப்படுவது; 1859இல் வெளிவந்த தம் நூலில் எமர்சன் ரெனன்ற் எழுதியதும் அதுவே. ஒட்டகங்களுக்குத் தழை வேண்டி நட்டார்கள் என்பார்கள். எனக்கென்னவோ காயைத்தான் முதற்காரணமாகச் சொல்லத் தோன்றுகிறது. கட்டியான ஓட்டுக்குள் மாவாய்க் காய்ந்திருக்கும் புளிப்புச் சதை மாதக்கணக்கில் கெடாது. விற்றமின் சி நிறைந்தது. நெடுங்கடல் ஓடுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? தின்று துப்பிய விதைகூட முளைத்திருக்கலாம்.

வயது 700 என்பது ஊர்க்கணக்கு. முதிர்ந்த பெருக்குகளில் நடுமரம் கோறையாகிவிடுவதால் வளையம் எண்ணி உறுதிப்படுத்த வழியில்லை. மழையில் குடித்த தண்ணீரைத் தண்டில் தேக்கி, கோடையில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, மணலிலும் உப்புக்காற்றிலும் நின்று பிடித்திருக்கிறது. பலகைக்கும் விறகுக்கும் உதவாத சோத்தி மரம் என்பதால் கோடரிக்கும் தப்பியது. வெள்ளைப் பூ இரவில் விரிந்து தலைகீழாய்த் தொங்கும். வௌவால் தேடி வரும்.

கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கிற நம்மவர்கள் வளர்க்க ஆசைப்பட்டால், விதையை வெந்நீரில் ஒருநாள் ஊறவைத்துச் சாடியில் போடலாம். உப்பைத் தாங்கும் இந்த மரம் உறைபனியைத் தாங்காது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெயில் படும் யன்னலோரம் வைத்து, இலை கொட்டியதும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். ஈரம் நின்றால் வேர் அழுகும்.

என் கவலை மன்னாரைப் பற்றியது. ஆடும் கழுதையும் அவிழ்ந்து திரிகிற தீவில் கன்று தப்புவது அருமை. முளைத்தாலும், விரல் விரலாய்ப் பிரியாத அதன் இளம் இலையைப் பார்த்து இன்ன மரமென்று யாரும் அறிவதில்லை, களையென்று பிடுங்கிவிடுவார்கள். பள்ளிமுனைப் பிள்ளைகளுக்கு அந்த இலையைக் காட்டிக் கொடுங்கள். ஊருக்கு வருகிறவர்கள் மரத்தில் பேர் கீறாமல், ஒரு கன்றைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டுப் போங்கள்.