ஏலத்தில் பழைய துணி: இன்றும் லாபமா?

எங்கள் தேனி மாவட்டத்தில் ‘ஏலம்’ என்றால் இரண்டு பொருள். ஒன்று மலையில் விளைவது. மற்றொன்று போடியில் நடப்பது. முதலாவதைப் பற்றி எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது ஏலம் போர்ச்சுகீசியர் நமக்கு விட்டுப்போன சொல். அவர்களுடைய ‘லெய்லாவ்’ நம் வாயில் ஏலம் ஆயிற்று. அவர்களுக்கு அது அரபியிலிருந்து வந்தது. காரைக்காலில் நான் பிரெஞ்சில் படித்த காலத்தில் ஏலத்துக்கு ‘ஆங்கான்’ என்றொரு சொல் உண்டு. அதன் வேர் லத்தீனில் ‘இன் குவாந்தும்’, அதாவது ‘எவ்வளவுக்கு?’. ஏலத்தின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கேள்வி சென்ற ஆண்டு என்னிடமே வந்தது. எதிர்வீட்டு அம்மாளின் பேரன் மேல்படிப்புக்காக பிரான்சில் உள்ள லீல் நகரத்துக்குப் போனான். கல்விக்கடன் போதாமல் பாட்டியின் நாலு பவுன் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. குளிர்காலத்துக்கு ஒரு கம்பளிக் கோட்டு வேண்டும். அங்கே கடையில் புதுசு 160 யூரோ. ஒரு யூரோவை 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 14,400 ரூபாய். “தாத்தா, ஆன்லைன் ஏலத்துல பழைய கோட்டு கிடைக்குதாமே, எடுத்தா லாபம்தானா?” என்று கேட்டான். பாடம் ஆங்கிலத்தில் என்பதால் அவனுக்குப் பிரெஞ்சு வராது. விற்பவர்கள் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஓய்வு பெற்றவனுக்கு அது போதாதா? விஷயத்தின் பூர்வீகத்தையே தேட ஆரம்பித்துவிட்டேன்.

பழைய துணி ஒரு காலத்தில் மலிவுச் சரக்கே அல்ல. துணி என்பதே ஒரு சொத்தாக இருந்தது. பாரிஸில் 1777-ல் பதினாறாம் லூயி மன்னர் ‘மோன் த பியேத்தே’ என்னும் அரசு அடகுக் கடையைத் திறக்க அனுமதி கொடுத்தார். ஏழைகள் அங்கே நகையோடு நிற்கவில்லை. சட்டை, படுக்கை விரிப்பு, மெத்தை என்று கொண்டுபோய் வைத்தார்கள். மீட்காதவை ஏலத்துக்குப் போயின. பழந்துணிக்கென்றே அந்நகரில் ‘தாம்ப்ள்’ சந்தை இருந்தது. 1863-ல் அதற்கு இரும்புக் கூடம் கட்டினார்கள். அதற்கு முன்பிருந்த மரக்கூடத்தில் நான்கு பகுதிகள். பட்டும் நாகரிக உடுப்பும் விற்ற பகுதிக்கு அரண்மனைப் பெயர். கந்தல் விற்ற பகுதிக்கு ‘பறக்கும் பேன்’ என்று பெயர். வாங்குகிறவன் எதை எதிர்பார்த்து உள்ளே போகவேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

நம் பக்கத்திலும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ல், பிரிட்டிஷ் இந்தியாவில் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. என் மாமனார் அந்தக் ‘கன்ட்ரோல்’ துணிக்கு வரிசையில் நின்ற கதையைச் சாகும்வரை சொன்னார். ஒரு வேட்டி முதலில் வேட்டி, கிழிந்தால் துண்டு, பிறகு பிள்ளைக்குத் தொட்டில் துணி, கடைசியில் அடுப்படியில் கைப்பிடித் துணி. அப்படி ஒரு காலத்தில் பழைய துணியை வெளியில் விற்க யாரிடம் இருந்தது?

இன்னொரு பக்கம், நமக்கு அடுத்தவர் துணி என்றால் தயக்கம். இந்தத் தயக்கம் வேடிக்கையானது. பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடமாட்டோம். வயதில் மூத்த, நன்றாக வாழ்ந்த ஒருவரின் பழைய வேட்டியையோ சேலையையோ கிழித்துத்தான் சுற்றுவோம். அது ஆசீர்வாதம். முன்பின் தெரியாதவர் துணி என்றால் அது தோஷம். எங்கள் காரைக்கால் பக்கம் திருநள்ளாற்றில் நளன் குளத்தில் குளித்துவிட்டு, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிடுவது வழக்கம். சனியும் அதோடு போய்விடும் என்று நம்பிக்கை. பாபநாசத்தில் தாமிரபரணியிலிருந்து இப்படி விட்ட துணிகளை டன் கணக்கில் அள்ளுகிறார்கள். துணியோடு பாவமும் போகும் என்று நம்புகிற ஊரில், பிறர் துணியைக் காசு கொடுத்து வாங்க எத்தனை பேர் வருவார்கள்? எதிர்வீட்டு அம்மாளும் அதைத்தான் கேட்டார். “ஊரான் உடுத்திக் கழிச்ச கோட்டையா எம்பேரன் போட்டுக்கிட்டுத் திரியணும்? செத்தவன் துணியா இருந்தா என்னண்ணே பண்றது?”

நியாயமான கேள்விதான். ஆனால் பழைய துணி மலிவாக இருந்ததற்கு இந்தக் கேள்விதான் காரணம் என்பதையும் பார்க்க வேண்டும். துணி நைந்துபோனதால் மட்டும் விலை இறங்கவில்லை. வாங்க ஆள் இல்லாததால் இறங்கியது. கூச்சப்படாமல் வாங்கியவனுக்கு லாபம் கிடைத்தது. அது மற்றவர்களுடைய கூச்சம் கொடுத்த தள்ளுபடி.

இங்கேதான் ஏலம் வருகிறது. போடியிலும், கேரளப் பக்கம் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு மேற்பார்வையில் ஏலக்காய் ஏலம் நடப்பதை நம்மவர்கள் அறிவார்கள். வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் வாங்கிப் பார்த்து, உருட்டி, முகர்ந்து, பிறகு கணினியில் விலை போடுகிறார்கள். கூடம் நிறைய வியாபாரிகள் உட்கார்ந்திருந்தால் விவசாயிக்கு முகம் மலரும். நாலு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் வியாபாரிக்கு மலரும். ஆகவே, ஏலம் என்பது ஆள் சேர்க்கிற ஏற்பாடு. ஆள் சேரச் சேர நன்மை விற்பவனுக்கு.

இணையத்தில் முதல் பெரிய ஏலக் கூடம் ஈபே. அதை 1995 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய பியேர் ஒமித்யார், பாரிஸில் பிறந்த ஈரானிய வம்சாவளிக்காரர். முதலில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் கருவி, 14.83 டாலருக்கு. உடைந்த சாமானுக்கும் உலகத்தில் எங்கோ ஒருவன் இருப்பான், அவனைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆரம்ப ஆண்டுகளில் கூடத்தில் ஆள் குறைவு. விற்பவர்களுக்கும் தங்கள் அலமாரியில் தொங்குவதன் மதிப்புத் தெரியாது. ஒரு நல்ல கோட்டு யாரும் கேட்காமல் மிகக் குறைந்த விலைக்குப் போனது அப்போதுதான். நம் நாட்டில் 2000-ல் பாஸீ என்னும் ஏலத் தளம் வந்தது. 2004-ல் ஈபே அதை வாங்கியது. 2017-ல் ஈபேயின் இந்தியக் கடை ஃப்ளிப்கார்ட் கைக்குப் போய், 2018-ல் மூடப்பட்டது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் என்ன நடந்தது? கூடம் நிரம்பிவிட்டது. பழைய துணிக்கு ‘விண்டேஜ்’ என்று பெயர் மாறிற்று. ஒரு தட்டுத் தட்டினால் அதே மாதிரிக் கோட்டுகள் எவ்வளவுக்குப் போயின என்று விற்பவனுக்கே தெரிந்துவிடுகிறது. வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் வந்துவிட்டார்கள். ஈபேயே 2000-ல் ‘இந்த விலைக்கு இப்போதே வாங்கு’ என்னும் நிலைவிலை முறையைக் கொண்டுவந்தது. இன்று அங்கே விற்பதில் பெரும்பகுதி நிலைவிலையில்தான்.

ஏலத்தில் மற்றொரு தொல்லை, கடைசி நிமிடம். இதுவும் பழைய கதை. பதினேழாம் நூற்றாண்டில் லண்டனில் ஒரு துண்டு மெழுகுவர்த்தி அணையும் வரை ஏலம் கேட்பார்கள். அணையும் நொடியில் யார் குரல் கடைசியோ அவருக்குப் பொருள். சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அதிகாரி 1662-ல் தம் நாட்குறிப்பில், ஒரு கெட்டிக்காரன் தன் ரகசியத்தைச் சொன்னதை எழுதிவைத்திருக்கிறார். சுடர் அணையப் போகும்போது புகை கீழே இறங்குமாம். அதைப் பார்த்து அவன் குரல் கொடுப்பானாம். பிரெஞ்சு மெழுகுவர்த்தி ஏலத்தில் இந்தத் தந்திரம் பலிக்காது. கடைசிக் குரலுக்குப் பிறகு மேலும் இரண்டு திரி அணையும் வரை வேறு யாரும் கேட்காமல் இருந்தால்தான் முடிவு. ஈபே லண்டன் வழியில் போகிறது. குறித்த நேரத்தில் சுடர் அணைந்துவிடும். ஆகவே எல்லோரும் புகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பையனுக்காக நாங்கள் பார்த்த கோட்டு 5 யூரோவில் தொடங்கியது. முடிவதற்கு முதல் நாள் 18. கடைசி நிமிடத்தில் 46. தபால் கூலி 8 சேர்த்தால் 54. அதே ரகத்தில் வேறொரு கோட்டு, ஏலம் இல்லாத விண்டெட் என்னும் தளத்தில் 35 யூரோவுக்கு இருந்தது. லித்துவேனியாவில் 2008-ல் தொடங்கியது அது. அங்கே பேரம் பேசலாம். பேசி 28-க்கு முடித்தோம். வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம் விலையில் 5 சதவீதமும் 70 சென்டும், ஆக 2.10. அனுப்பும் செலவு 4. மொத்தம் 34.10 யூரோ. நம் கணக்கில் 3,069 ரூபாய். புதுசோடு ஒப்பிட்டால் 11,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். அடகு வட்டி கட்டுகிற வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

என் பங்குக்கு நான் செய்தது மூன்று சொற்களைப் பார்த்ததுதான். ‘ட்ரே போன் எத்தா’ என்றால் மிக நல்ல நிலையில் இருக்கிறது. ‘பூலோஷே’ என்றால் கம்பளி உருண்டை கட்டியிருக்கிறது. ‘மித்தே’ என்றால் அந்துப்பூச்சி அரித்தது. மூன்றாவது சொல் இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றேன். ஏலக்காயை முகர்ந்து பார்க்கலாம். படத்தில் இருக்கிற துணியை முகர முடியாது. அதனால் அளவையும் நாடாவால் அளந்து அனுப்பச் சொன்னோம்.

பாட்டியிடம் பேரன் மறைக்கவில்லை. “மஞ்சத் தண்ணியில ஒரு முக்கு முக்கிட்டுப் போட்டுக்க” என்று அனுமதி கொடுத்தார். கம்பளியை முக்கினால் சுருங்கிவிடும், தெளித்தால் போதும் என்று நான் குறுக்கே விழ வேண்டியிருந்தது.

இங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உடுத்திய துணியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய நம் அரசின் உரிமம் வேண்டும். அதனால் அங்கத்திய ஏலம் நமக்கு எட்டாது. எட்டினாலும் தேவையில்லை. திருப்பூர் பக்கத்தில் இருக்கிறது. ஏற்றுமதியில் கழித்த புதுப் பனியன் சின்னமனூர்த் தெருவோரத்தில் 200 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தபால் கூலியே அதில் பாதி வரும். நம் பக்கத்தில் இணைய வழியாக ஒழுங்காக நடக்கும் துணி ஏலம் திருமலையில்தான். பக்தர்கள் காணிக்கையாகத் தந்த சேலை, வேட்டி, துண்டுகளை, புதியவை, பயன்படுத்தியவை, சிறிது சேதமானவை என்று பிரித்து, தேவஸ்தானம் ஆந்திர அரசின் தளத்தில் ஏலம் விடுகிறது. ஆனால் மொத்தம் மொத்தமாகத்தான். ஒரு சேலை வேண்டும் என்று நீங்களும் நானும் போய்க் கேட்க முடியாது. அது வியாபாரிகளின் கூடம்.

ஆக, அன்றாடத் துணிக்குப் பழைய துணி ஏலம் இனி லாபமில்லை. புதுத் துணி மலிந்துவிட்டது, ஏலக்கூடம் நிரம்பிவிட்டது. கம்பளிக் கோட்டு, பட்டு போல நின்று உழைக்கிற, புதிதாக வாங்கினால் கை சுடுகிற உடுப்புகளுக்கு இன்னும் லாபம் உண்டு. அதையும் நிலைவிலையில் பேரம் பேசி வாங்குவது நல்லது.

ஏலத்தால் நமக்குப் பயனே இல்லையா என்றால், உண்டு. நம் தெருக்களில் இன்னமும் ‘பழைய பட்டுப்புடவை வாங்குறது’ என்று குரல் கேட்கிறது. வருகிறவருக்கு வேண்டியது புடவை அல்ல, ஜரிகையில் இருக்கும் வெள்ளி. அம்மாவின் கல்யாணப் புடவையை எடை போட்டு, அவர் சொன்னதே விலை என்று கொடுத்துவிடுகிறோம். ஒரே ஒரு ஆள் கேட்கிற ஏலம் அது. வீட்டுப் பெண்களுக்கு என் யோசனை இதுதான்: வாங்கும்போது ஆள் குறைவாக இருக்கும் இடத்துக்குப் போங்கள். விற்கும்போது குறைந்தது மூன்று பேரையாவது கேட்க வையுங்கள்.

காரைக்காலில் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய ‘சொல்தா’க்கள் மார்கழிக் குளிரில் போட்டுத் திரிந்த கனத்த கோட்டுகளைப் பற்றி எழுத வந்து, எங்கெங்கோ போய்விட்டேன். அதை அடுத்த முறை தனியாக எழுதுகிறேன்.